ஊர் கூடிய பள்ளி

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையில், திருச்சிற்றம்பலம் கூட்டுச்சாலைக்கு அண்மையில் உள்ள சிற்றூர் இரும்பை. வானூர் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், 1993-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது விழுப்புரம் மாவட்டத்திற்குள் வந்தது. செம்மண் மேடும் ஏரியும் பனையும் கொண்ட இச்சிற்றூரைச் சைவ உலகம் இரும்பை மாகாளம் என்றே அறியும். தொண்டை நாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் முப்பத்திரண்டினுள் இறுதியாக எண்ணப்படுவது இது. திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம். உஞ்சேனை மாகாளம், அம்பர் மாகாளம் ஆகியவற்றோடு சேர்த்து மாகாளம் மூன்று என்பர்.

கோயிலின் மூலவர் மூன்று துண்டாகப் பிளந்து, செப்புத் தகட்டால் இணைக்கப்பட்ட சிவலிங்கமாக இருக்கிறார். இதற்கு ஊரார் சொல்லும் காரணம் கடுவெளிச் சித்தரைப் பற்றியது. நந்தவனத்து ஆண்டியையும் அவன் போட்டுடைத்த தோண்டியையும் பாடி, எழுத்தறியாதார் நாவிலும் இடம் பிடித்தவர் அவர். நாட்டில் மழை பொய்த்தது. சித்தரின் கடுந்தவமே அதற்குக் காரணம் எனக் கருதிய மன்னன், ஆடல் மகள் ஒருத்தியை அனுப்பி அவர் தவத்தைக் கலைத்தான். மழையும் பெய்தது. பின்னர்க் கோயில் விழாவில் அப்பெண் ஆடும்போது காற்சிலம்பு கழன்று விழுந்தது. ஆட்டம் தடைப்படலாகாது என்று சித்தர் அதனை எடுத்து அவள் காலில் பூட்டினார். கூடியிருந்த ஊர் கைகொட்டிச் சிரித்தது. நெஞ்சு புண்பட்ட சித்தர் பாட, லிங்கம் வெடித்துச் சிதறியது என்பது கதை.

தல புராணங்களை வரலாறாகக் கொள்வது பொருந்தாது. ஆயினும் இக்கதையில் வரலாற்று மாணவன் கவனிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. மன்னனின் பிழையை இக்கதை மன்னித்துவிடுகிறது. ஊர் கூடிச் சிரித்த சிரிப்பைத்தான் மன்னிக்கவில்லை. கூடிய ஊருக்கு அவ்வளவு ஆற்றல் உண்டு என்று நம் முன்னோர் எண்ணினர். அந்த ஊர் தன் பிள்ளைகளின் கல்விக்காகக் கூடியபோது என்ன நிகழ்ந்தது, அவ்வாறு கூடியபோது 'ஊர்' என்ற சொல்லுக்குள் யார் யார் இருந்தனர் என்பவையே இக்கட்டுரை ஆராயும் வினாக்கள்.

திண்ணையும் கோலாட்டமும்

சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ 1822-இல் மாவட்டந்தோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு ஆணையிட்டார். ஆட்சியர்கள் அனுப்பிய கணக்குகளைத் தொகுத்து 1826 மார்ச்சுத் திங்களில் அவர் ஒரு குறிப்பு எழுதினார். மாகாணத்தில் 12,498 பள்ளிகள். பயின்றோர் 1,88,650 பேர். ஏறத்தாழ ஆயிரம் மக்களுக்கு ஒரு பள்ளி. இவை அரசு கட்டிய பள்ளிகளல்ல. பெரும்பாலானவை வீட்டுத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் சத்திரத்திலும் மரத்தடியிலும் நடந்தவை. ஆசிரியருக்கு ஊதியம் ஊராரின் நெல்லும் காசும்தாம்.

அப்பள்ளிகளின் நடைமுறையை அறிய உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' பெரிதும் துணை செய்கிறது. விடியற்காலையில் பள்ளிக்கு முதலில் வருபவனுக்கு 'வேத்தான்' என்று பெயர். ஆசிரியருக்கு அடுத்த நிலையில் சட்டாம்பிள்ளை. அமாவாசையும் பௌர்ணமியும் 'வாவு' எனப்பட்ட விடுமுறை. எழுத்தும் எண்சுவடியும் வாய்ப்பாடமும் மணலும் ஓலையுமாக நடந்த அக்கல்வியில் தேர்வு, மதிப்பெண், சான்றிதழ் என்று எதுவும் இல்லை.

பிள்ளை கற்றானா இல்லையா என்பதை ஊர் எவ்வாறு அறிந்தது? அதற்கு ஒரு விழா இருந்தது. நவராத்திரிக் காலத்தில் திண்ணைப் பள்ளி மாணவர் புத்தாடை உடுத்து, கோலாட்டக் கழிகளோடு அணியணியாக வீடுதோறும் செல்வர். கற்ற பாடல்களைப் பாடி ஆடுவர். வீட்டார் அரிசியும் காசும் துணியும் வழங்குவர். கிடைத்தவை ஆசிரியரைச் சேரும். இன்றைய சொற்களில் கூறுவதாயின், தேர்வும் ஆண்டு விழாவும் ஆசிரியரின் ஊதிய நாளும் ஒன்றாக நடந்த நிகழ்ச்சி அது. பிள்ளை தன் வீட்டு வாசலில் மட்டுமன்றி அடுத்த வீட்டு வாசலிலும் பாடிக் காட்ட வேண்டியிருந்தது. அடுத்த வீட்டாரும் கேட்டு மகிழ்ந்து கொடுத்தனர். ஒருவர் வீட்டுப் பிள்ளையின் தேர்ச்சியில் பலர் வீட்டு அரிசிக்கும் பங்கிருந்தது.

இப்படிச் சொல்லிப் பெருமைப்பட்டு நிறுத்திவிடுவோர் உண்டு. மன்றோவின் கணக்கை இன்னும் ஓர் அடி தள்ளிப் படித்தால் பெருமை குறையும். அந்த 1,88,650 பேரில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. சேரிப் பிள்ளைக்கோ திண்ணையில் இடமே இல்லை. கோலாட்ட அணி எந்தத் தெருக்களில் நுழைந்ததோ அந்தத் தெருக்களே அன்றைய 'ஊர்'. ஏர் பிடித்தும் நாற்று நட்டும் அந்த அரிசியை விளைவித்தவர்களின் பிள்ளைகள் விழாவுக்கும் வெளியே, எழுத்துக்கும் வெளியே நின்றனர்.

அவ்வெல்லையை உடைத்த முதல் முயற்சிகள் ஊரிலிருந்து வரவில்லை. வெளியிலிருந்துதான் வந்தன என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். கர்னல் ஆல்காட் 1894-இல் அடையாற்றில் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி தொடங்கினார். ஆர்க்காட்டு மிஷனார் திண்டிவனத்தைத் தம் நிலையங்களுள் ஒன்றாகக் கொண்டு கல்விப் பணி ஆற்றினர். ஸ்கடர் குடும்பத்தின் பெயர் இன்றும் திண்டிவனத்துப் பள்ளியொன்றில் நிலைத்திருக்கிறது. 1920-இல் சென்னை மாநகராட்சியின் தலைவராயிருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவர்க்கு மதிய உணவு வழங்கத் தொடங்கினார். ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. வயிறும் எழுத்தும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதை ஆட்சிப் பொறுப்பிலிருந்த ஒருவர் ஏட்டில் எழுதி ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி அது.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் உழவர் குடியில் பிறந்த இராமசாமி ரெட்டியார், 1947 முதல் 1949 வரை மாகாண முதலமைச்சராக இருந்தார். பதவியை விட்டபின் வடலூரில் வள்ளலார் பெயரால் கல்வி நிலையம் அமைப்பதில் ஈடுபட்டார். ஆட்சிக் கட்டிலிலிருந்து இறங்கி ஒரு பள்ளிக்கூடத்தைத் தேடிச் சென்றவர்கள் நம் நாட்டில் மிகச் சிலரே. தென்னார்க்காட்டு மண்ணுக்கு அப்பெருமை உண்டு.

நான்கு காசும் பிடி அரிசியும்

1953-இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டப்படி, சிற்றூர்ப் பிள்ளைகள் நாளில் மூன்று மணி நேரம் பள்ளியில் பயிலவேண்டும். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகவேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்று, பெரியார் முதலானோரின் கடும் எதிர்ப்புக்கு உள்ளானது அது. 1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். ஆனால் ஒரு திட்டத்தைக் கைவிடுவதனால் மட்டும் பிள்ளைகள் பள்ளிக்கு வந்துவிடுவதில்லை. 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இம்மாநிலப் பகுதியில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பேரே.

அந்நாளில் பொதுக்கல்வி இயக்குநராக அமர்ந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கத்தில் 1912-இல் பிறந்தவர். தன்மான இயக்கத்தில் ஊறியவர். பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். தம் வாழ்வையும் காலத்தையும் 'நினைவு அலைகள்' என்னும் பெருநூலாக எழுதி வைத்தவர். கோப்புகளுக்கிடையே அமர்ந்திருந்த அதிகாரிகளுள், ஊராரை நம்பியவர் என்று தனித்துக் குறிப்பிடத்தக்கவர் அவர்.

மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனைப் பார்த்து, "பள்ளிக்குப் போகவில்லையா?" என்று காமராசர் கேட்டதாகவும், "போனால் சோறு யார் போடுவார்?" என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு கதை நாடெங்கும் வழங்குகிறது. நிகழ்ந்த இடம் ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொன்றாக மாறுகிறது. எந்த ஊரில் நடந்தது என்று ஆராய்வது வீண் வேலை; நடக்காத ஊர் இல்லை என்பதே பொருத்தம். 1956-இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் பகலுணவுத் திட்டம் தொடங்கியது. தொடக்கத்தில் அது அரசுத் திட்டமன்று. முற்றிலும் ஊரார் கொடையால் நடந்தது. இதற்காக ஊர் ஊராய்ச் சென்று பிச்சையெடுக்கவும் ஆயத்தம் என்று முதலமைச்சரே பேசியதாகச் சொல்வர். பல ஊர்களில் தாய்மார் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் இட்டு வைத்தனர். வாரம் ஒருமுறை அது பள்ளிக்குச் சென்றது. 1957-இன் இறுதியில் அரசு தன் பங்கை வகுத்தது: ஒரு பிள்ளையின் ஒரு வேளை உணவுக்குப் பத்து நயா பைசா, அதில் ஆறு அரசுடையது, நான்கு ஊராருடையது.

அந்த நான்கு காசைப் பற்றிச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். அரசு நினைத்திருந்தால் பிற செலவுகளைக் குறைத்து அதையும் தானே கொடுத்திருக்கக் கூடும். ஊரார் தலையில் சுமையை ஏற்றுகிறது அரசு என்று குறை கூறியோரும் அன்று இருந்தனர். அக்குறையில் நியாயமும் உண்டு. செல்வர் நிறைந்த ஊரில் நான்கு காசு எளிது. வானம் பார்த்த பூமியில் அது அரிது. எனினும் அந்த நான்கு காசினால் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. பள்ளியின் அடுப்பு எரிகிறதா, சோறு வேகிறதா, எத்தனை பிள்ளைகள் உண்டன என்று கேட்கும் உரிமை ஊராருக்கு வந்தது. கொடுத்தவர் கணக்குக் கேட்பார், கேட்கவேண்டும். இதனினும் பெரிதாய் ஒன்று: திண்ணைக் காலத்தில் ஒரே தெருவின் அரிசி ஒரே தெருவின் பிள்ளைகளுக்குச் சென்றது. இப்போது ஊர்த்தெரு அரிசியை ஊர்ப்பிள்ளையும் சேரிப்பிள்ளையும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டனர். எல்லா ஊர்களிலும் அது அமைதியாக நடந்துவிடவில்லை. தனி வரிசை கேட்ட ஊர்களும், தாழ்த்தப்பட்ட வகுப்பார் சமைத்தால் உண்ணமாட்டோம் என்ற ஊர்களும் உண்டு; அத்தகைய செய்தி பின்வந்த பல்லாண்டுகளிலும் நாளிதழ்களில் வெளிவந்ததுண்டு. ஆயினும் வரிசை ஒன்றென்பது அரசின் விதியாயிற்று.

மாநாடு என்னும் திருவிழா

பகலுணவில் பெற்ற துணிவு அடுத்த முயற்சிக்கு வித்திட்டது. அது பள்ளிச் சீரமைப்பு மாநாடு. முதல் மாநாடு 1958-இல் திருவள்ளூரை அடுத்த கடம்பத்தூரில் நடந்தது. அதன்பின் அடுத்த ஐந்தாண்டுகளில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களிலும், தென்னார்க்காடு உட்பட, நூற்றுக்கும் மேற்பட்ட மாநாடுகள் நிகழ்ந்தன. கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள பொருளும் பணியும் ஊராரால் அளிக்கப்பட்டன.

இவை நடந்த முறை இன்றைய தலைமுறைக்கு வியப்பாக இருக்கும். மாநாட்டுக்குப் பல வாரங்களுக்கு முன்பே, அந்தந்தப் பள்ளி ஆசிரியரும் ஊர்ப் பெரியோரும் அமர்ந்து பள்ளிக்கு என்னென்ன இல்லை என்று பட்டியல் எழுதினர். கூரை ஒழுகுகிறதா, கிணறு உண்டா, கரும்பலகை வெளுத்துவிட்டதா, பிள்ளைகள் உண்ணத் தட்டு உண்டா, நிலப்படம் உண்டா, விளையாட இடம் உண்டா என்றவாறு அப்பட்டியல் நீளும். பின்னர் ஒவ்வொரு தேவைக்கும் எதிரே ஒரு பெயரை எழுதவேண்டும். ஒருவர் கால் காணி நிலம், ஒருவர் கடிகாரம், ஒருவர் பெஞ்சு, ஒருவர் பத்துச் சிலேட்டு, கொத்தனார் ஒருவர் மூன்று நாள் உழைப்பு. மாநாட்டு நாளன்று இயக்குநரும் அமைச்சரும் மேடையில் இருக்க, ஊர்தோறும் நிறைவேறிய பணிகள் படிக்கப்படும். மாணவர் அணிவகுப்பு, கண்காட்சி, கும்மி, கோலாட்டம், நாடகம் யாவும் இருக்கும். நாதசுரம் முழங்க வரிசைத்தட்டில் சிலேட்டும் புத்தகமும் வைத்துப் பள்ளிக்கு எடுத்துச்செல்வர். திருமணத்திற்கும் கோயிலுக்கும் மட்டுமே சீர் எடுத்துப் பழகிய கைகள், முதன்முறையாகக் கல்விக்குச் சீர் எடுத்தன. 'கல்விச் சீர்' என்று இன்றும் பல ஊர்களில் இவ்வழக்கம் உயிரோடு இருப்பதைக் காணலாம்.

பெருங்கொடையாளரின் பெயர்கள் கல்வெட்டில் ஏறின. சில கல்வெட்டுகளில் பெயரோடு சாதியும் ஏறிற்று. பள்ளிச் சுவரில் அதனைப் படித்துக்கொண்டே பிள்ளைகள் வளர்ந்தனர். இஃது அவ்வியக்கத்தின் குறை. மூன்று நாள் உழைத்த கொத்தனாரின் பெயர் எக்கல்லிலும் இல்லை. இது மற்றொரு குறை; நம் நாட்டுக் கல்வெட்டு மரபு முழுவதற்கும் உரிய குறையுங்கூட.

இம்மாநாடுகளின் வழியாகவே சீருடையும் சிற்றூர்களுக்குப் பரவியது. முதலில் அது அரசாணையன்று. ஊரார் துணி வாங்கித் தைத்துக் கொடுத்தனர். பட்டுச் சட்டையும் கிழிந்த கோவணமும் அருகருகே அமர்ந்த வகுப்பறையில், ஒரே நிறத் துணி வந்தபோது பிள்ளைகளிடை நேர்ந்த மாற்றத்தை அளக்க எந்தப் புள்ளிவிவரமும் இல்லை. சீருடையை அரசே இலவசமாக வழங்கத் தொடங்கியது 1985-இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில். அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1982 ஜூலை முதல் நாள், திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் அவர் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியிருந்தார். நான்கு காசுக்கு இனி வேலை இல்லை. முழுச் செலவும் அரசுடையது.

இது முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. பசித்த பிள்ளையின் சோறு, பக்கத்து வீட்டாரின் மனநிலையை நம்பி இருத்தலாகாது. உரிமையாக வரவேண்டியது கொடையாக வந்துகொண்டிருந்த நிலை மாறியது நல்லதே. ஆயினும் கொடுத்துக்கொண்டிருந்த ஊர் மெல்ல மெல்லப் பார்வையாளராக மாறியதையும் வரலாறு குறித்துக்கொள்ளவேண்டும். கூரை ஒழுகினால் "அரசு பார்த்துக்கொள்ளும்" என்றனர். பட்டியல் எழுத அமர்ந்த திண்ணை காலியாயிற்று. காசு கொடுக்க முடிந்தவர்கள் தம் பிள்ளைகளையே வேறு பள்ளிக்கு அழைத்துச் சென்றுவிட்டனர். 1980-களுக்குப் பின் பெருகிய தனியார் ஆங்கிலப் பள்ளிகளின் மஞ்சள் நிற வண்டிகள், ஊர் ஊராக நுழைந்து இந்தப் பிரிவை நிறைவு செய்தன.

மேடையும் மன்றமும்

பள்ளிச் சாதனை என்ற சொல்லும் இக்காலத்தில் பொருள் மாறியது. பழைய உயர்நிலைப் பள்ளிகளில் சாதனையைக் காட்டும் மேடை இலக்கிய மன்றம். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் கூடும் அம்மன்றத்தில் எட்டாம் வகுப்பு மாணவன் நடுங்கியபடி முதல் சொற்பொழிவு ஆற்றுவான். கையெழுத்து இதழ் ஒன்று ஆண்டுக்கிருமுறை வெளிவரும். ஓவியம் தெரிந்த மாணவன் அட்டைக்கு மயிலும் தாமரையும் வரைவான். ஆண்டு விழாவில் பரிசு பெரும்பாலும் திருக்குறள் உரைநூல், அல்லது எவர்சில்வர் டம்ளர். தருபவர் உள்ளூர்த் துணிக்கடைக்காரராகவோ அரிசி ஆலைக்காரராகவோ இருப்பார். தமிழகத்தின் இலக்கிய வட்டங்களில் இன்று அமர்ந்திருக்கும் கவிஞர் பலரும் தம் முதல் கைத்தட்டலை இத்தகைய மேடையொன்றில்தான் கேட்டிருப்பர்.

தமிழாசிரியர் பெருமையைச் சொல்லப் புகுந்தால் இரும்பைக்கு அண்மையிலேயே ஒரு பேராளர் உண்டு. புதுச்சேரி கனக சுப்புரத்தினம், பின்னாளில் பாரதிதாசன், 1909 முதல் 1946 வரை முப்பத்தேழு ஆண்டுகள் பிரெஞ்சு ஆட்சிப் பள்ளிகளில் தமிழ் கற்பித்தார். அவர் ஓய்வு பெற்ற அதே 1946-இல் சென்னையில் நடந்த விழாவில், அண்ணா முன்னின்று திரட்டிய 25,000 ரூபாய் பொற்கிழி அவருக்கு வழங்கப்பட்டது. சிற்றூர் ஆசிரியர் ஒருவர்க்கு நாடு எடுத்த சீர் என்றே அதனைக் கருதலாம்.

அடுத்து வந்த காலத்தில் மன்றத்தின் இடத்தை மதிப்பெண் பிடித்துக்கொண்டது. மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று நாளிதழ்களில் படங்கள் வந்தன. பள்ளிகள் நெடுஞ்சாலையோரம் விளம்பரத் தட்டிகள் நட்டன. ஒரு பிள்ளையின் வெற்றி மற்றொரு பள்ளியின் தோல்வியாக எண்ணப்பட்டது. 2017-இல் தமிழக அரசு பொதுத்தேர்வுத் தரவரிசை அறிவிப்பதை நிறுத்தியது. மிகத் தாமதமான, ஆனால் மிகத் தேவையான முடிவு. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமானது. அதன்பின் கொத்தனாரின் மகளும் கூலித் தொழிலாளியின் மகனும் மருத்துவக் கல்லூரிக்குச் சென்றபோது, ஊர் முச்சந்திகளில் வாழ்த்துத் தட்டிகள் எழுந்தன. அந்தத் தட்டிகளில் பள்ளியின் பெயரைவிட ஊரின் பெயர் பெரிதாக இருந்தது.

மீண்டும் செம்மண் மேட்டில்

1968 பிப்ரவரி 28-ஆம் நாள், இரும்பையை அடுத்த செம்மண் மேட்டில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. 124 நாடுகளிலிருந்தும் இந்திய மாநிலங்களிலிருந்தும் வந்த இளையோர், தத்தம் நாட்டு மண்ணில் ஒரு பிடி கொண்டுவந்து, தாமரை மொட்டு வடிவக் கலயத்தில் இட்டனர். ஆரோவில் தோன்றியது. உலகத்து மண்ணெல்லாம் ஒரு கலயத்தில் சேர்ந்தது அரிய காட்சிதான். ஆனால் அந்த மேட்டைச் சுற்றியிருந்த ஊர்ப் பிள்ளைகள் அன்று பெரும்பாலும் ஆடு மேய்த்துக்கொண்டும் முந்திரிக் கொட்டை பொறுக்கிக்கொண்டும் இருந்தனர். புதிய நகரத்திற்கும் பழைய ஊர்களுக்கும் இடையே பாலமாக அமைந்தவை பள்ளிகளே. இடையன்சாவடியில் உதவி, குயிலாப்பாளையத்தில் ஐக்கியம், இசையம்பலம் என்று ஊர்ப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் ஒவ்வொன்றாக எழுந்தன.

கவிஞர்கள் சிறப்பாக நினைக்கவேண்டிய பெயர் ஒன்று இவ்வரிசையில் உண்டு. 'நெருஞ்சி', 'சுடுபூக்கள்' ஆகிய தொகுதிகளால் புதுக்கவிதை உலகில் அறியப்பட்ட இரா. மீனாட்சி, ஆரோவில்லில் தங்கி, 'இளைஞர்கள்' என்ற பெயரில் அமைந்த கல்வி மையத்தில் உழைத்தார். பகலில் கட்டட வேலையும் தோட்ட வேலையும் செய்த ஊர் இளைஞர்க்கு அங்கே எழுத்தும் கணக்கும் பாட்டும் கற்பிக்கப்பட்டன. புதுக்கவிதையைப் பற்றிய விவாதங்களில் வடிவம், படிமம் என்றெல்லாம் மிகுதியாகப் பேசப்பட்டன. அக்கவிஞர்களுள் ஒருவர் கரும்பலகை முன் நின்றதைப் பற்றிக் குறைவாகவே பேசப்பட்டது.

திண்டிவனத்தில் மற்றொரு முயற்சி குறிப்பிடத்தக்கது. அங்கு அரசுக் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றியவரும் பழங்குடி இருளர் உரிமைக்காகப் பல்லாண்டு போராடியவருமான பிரபா கல்விமணி, உரோசணைப் பகுதியில் தாய்த்தமிழ்ப் பள்ளியை நண்பர்களின் துணையோடு நடத்தினார். ஏழைப் பிள்ளைகளிடம் கட்டணம் பெறாமல், தமிழ் ஆர்வலர் தந்த சிறு சிறு நன்கொடைகளாலேயே அப்பள்ளி நடந்தது. பள்ளிச் சீரமைப்பு மாநாட்டின் நான்கு காசு வேறொரு வடிவில் அங்கே திரும்பி வந்தது. முன்னைய கொடைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று ஊர்ப் பெரியோர் கொடுத்தனர். இங்கு ஊரால் ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகளை முன்வைத்து, ஊர் கடந்த ஊரார் கொடுத்தனர்.

இவ்வளவு முயற்சிகளுக்குப் பின்னும் விழுப்புரம் மாவட்டத்தின் நிலை எளிதாக இல்லை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80.09 விழுக்காடாக இருக்க, அன்றைய விழுப்புரம் மாவட்டம் 71.88-இல் நின்றது. கரும்பு வெட்டவும் செங்கல் அறுக்கவும் குடும்பத்தோடு வெளியூர் செல்லும் மக்கள் மிகுந்த மாவட்டம் இது. சூளைக்குப் போன பிள்ளையின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கும், பிள்ளை இராது.

அக்காரணத்தாலோ என்னவோ, கொரோனாவால் பள்ளிகள் நெடுநாள் மூடிக்கிடந்தபின் தொடங்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்திற்கு இம்மாவட்டமே தொடக்கக் களமாயிற்று. 2021 அக்டோபர் 27-ஆம் நாள், மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதனைத் தொடங்கி வைத்தார். ஊர்தோறும் தன்னார்வலர் மாலை வேளையில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கற்பித்தனர். மாநிலமெங்கும் அத்தகையோர் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அடுத்த ஆண்டு டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' என்ற பெயரில் அரசுப் பள்ளிகளுக்குப் பொதுமக்கள் கொடை அளிக்கும் ஏற்பாடும் தொடங்கியது. அதே 2022-இல் அரசுப் பள்ளி மாணவர்க்கான கலைத் திருவிழாவும் தொடங்கி, பறையும் கோலாட்டமும் சிலம்பமும் மாநில மேடை ஏறின.

அந்த மாலை வகுப்புகளுக்குத் தனிக் கட்டடம் ஏதும் கட்டப்படவில்லை. தன்னார்வலரின் வீட்டுத் திண்ணையும் கோயில் முன்றிலும் தெருவிளக்கின் அடியுமே வகுப்பறைகளாயின. கற்பித்தோருள் பெரும்பாலோர் பெண்கள். அவ்வூர்ப் பள்ளியிலேயே படித்து, திருமணமாகி அத்தெருவிலேயே வாழ்ந்தவர் பலர். ஊர்த்தெருவிலும் காலனியிலும் ஒரே நேரத்தில், மாலை ஐந்து மணிக்கு, பாய் விரிக்கப்பட்டது.